பரணுக்கு ஏற்ற ஏணி

வீட்டைப் பற்றிப் பேச வந்தவர்கள் கூடத்தைப் பற்றிப் பேசுவார்கள். அடுக்களையைப் பற்றிப் பேசுவார்கள். சாளரம் எத்திசை நோக்கவேண்டும், காற்று எவ்வழி புகவேண்டும் என்பனவற்றை விரித்துரைப்பார்கள். பரணைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அப்பரணுக்கு ஏறிச்செல்லும் ஏணியைப் பற்றிப் பேசுவோர் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஏணியும் பேசுதற்குரிய ஒரு பொருளா என்று நேயர்கள் நினைத்தல் கூடும். எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்யும் இடத்தில் சிறிது நேரம் அமர்ந்து, காத்திருப்போர் அவரவர் விழுந்த வரலாற்றைக் கூறக் கேட்டவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் அங்கே இருப்பார். பேருந்திலிருந்து இறங்கும்போது தடுமாறியவர் இருப்பார். அவர்களுக்கிடையே, "மேலே இருந்த பெட்டியை எடுக்கப்போனேன்" என்று தம் கதையைத் தொடங்குபவரும் ஒருவர் இருப்பார்.

பரண் என்பது நமக்குப் பழைய சொல். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்குக் கட்டிய உயர்ந்த மேடைக்கும் அதுவே பெயர். வீட்டினுள் விறகும் பாண்டமும் அடுக்குவதற்கு அமைத்த மேல்தட்டுக்கும் அதுவே பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு பொருளைக் கண்டவுடன் அதற்கு அயல்மொழியில் என்ன பெயர் என்று தேடிப்பார்க்கும் வழக்கம் விடாது. கன்னட நாட்டார் இதனை 'அட்ட' என்பர். மராட்டியர் 'மாளா' என்பர். குஜராத்தியர் 'மாளியும்' என்பர். டெல்லியில் இந்தி பேசுவோர் 'துச்சத்தி' என்பர், அஃதாவது இரண்டாம் கூரை. இத்தனை மொழிகளிலும் தனிப்பெயர் பெற்றிருப்பதிலிருந்தே, இந்தியக் குடும்பம் எதனையும் எறிந்துவிட மனங்கொள்ளாத குடும்பம் என்பது விளங்கும்.

ஏணியின் பெயரில் மட்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இந்தியில் 'சீடி' என்ற சொல் ஏணியையும் குறிக்கும், படிக்கட்டையும் குறிக்கும். 'சீடியைத் துடைத்துவை' என்று வந்தால் எதனைத் துடைப்பது என்பது மொழிபெயர்ப்பவனுக்கு இடம் நோக்கியே தெரியவேண்டும். தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தது. இது வெறும் சொல் வேறுபாடன்று. படிக்கட்டு வீட்டின் ஓர் உறுப்பு; கொத்தன் ஒருமுறை கட்டிவிட்டால் அது தானாகவே நிற்கும். ஏணியோ ஒவ்வொரு முறையும் நாமே நாட்டிக்கொள்ளும் படி. இன்று ஒருவகையாகவும் நாளை வேறுவகையாகவும் நாட்டப்படுவது. ஆகவே நல்ல ஏணி எது என்று கேட்பதற்குமுன், அதனை நாட்டப்போகும் இடம் எது, ஏறப்போகிறவர் யார் என்று கேட்கவேண்டும். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கேளாமலே போகிறார்கள்.

பழைய வீடுகளில் இவ்வினாக்களுக்கு இடமில்லாதிருந்தது. அடுக்களைப் பரணுக்கென்று ஒரு மூங்கில் ஏணி இருந்தது; அது கொல்லைச் சுவரிலோ தாழ்வாரத்திலோ சாய்ந்தபடி எந்நாளும் இருந்தது. வீட்டில் பிறந்த பிள்ளைகள் அதில் ஏறியே வளர்ந்தார்கள்; எந்தப் படி கிறீச்சிடும் என்பது அனைவர்க்கும் தெரியும். இன்றைய அடுக்குமாடி வீட்டில் கொல்லையும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. பரண் மட்டும் இருக்கிறது. அதுவும் முன்னினும் பெரிதாகிச் சிமெண்டுத் தளமாக இருக்கிறது. 1970-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்து, பின்னர் 2016 உள்ளிட்ட ஆண்டுகளில் திருத்தம் பெற்ற தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, பரணின் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது என்றும், அது பொருள் வைப்பதற்குரியதே என்றும் வரையறுத்திருக்கிறது. பொருள் வைப்பதற்குரிய இடத்தை வரையறுத்த கட்டடக்கலை, அவ்விடத்துக்கு ஏறும் கருவி எங்கே இருக்கவேண்டும் என்பதை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டது.

டெல்லியில் மத்திய அரசு ஊழியர்களுக்குரிய குடியிருப்புக்களில் வாழ்வோர்க்கு இதன் விளைவு நன்கு தெரியும். ஆண்டில் இருமுறை இங்கே வீடு தலைகீழாக மாறும். தீபாவளி கழிந்து பனி இறங்கத் தொடங்கியதும் பஞ்சு ரஜாய்களும் கம்பளிகளும் பரணிலிருந்து கீழே வரவேண்டும். பங்குனியில் அவை வெயிலில் காய்ந்து மீண்டும் மேலே போகவேண்டும். தமிழ்க் குடும்பமாயின் மூன்றாவது ஏற்றமும் உண்டு. புரட்டாசியில் மகாளய அமாவாசைக்குள் கொலுப் பெட்டிகள் இறங்கியாக வேண்டும். பத்து நாள் கழித்துத் துணியிலும் வைக்கோலிலும் பொதியப்பெற்ற மண்பொம்மைகளோடு அவை ஏறியாக வேண்டும். இவற்றுக்கிடையே, விருந்தினர் வந்தால் பெரிய அண்டா, ஊருக்குப் போனால் பெட்டி. இத்தனைக்கும் பெரும்பாலான வீடுகளில் ஏணியாகப் பயன்படுவது எது? சாப்பாட்டு மேசையின்மேல் ஒரு முக்காலி. அல்லது பிளாஸ்டிக் நாற்காலி. அடுக்களையாயின், அடுப்பு வைத்திருக்கும் மேடையே.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அது அமர்வதற்குச் செய்யப்பெற்றது. அமரும்போது நம் எடை இருக்கை முழுவதும் பரவி நான்கு கால்களுக்கும் பங்கிடப்படுகிறது. அதன்மேல் ஏறும்போதோ ஒற்றைப் பாதத்தில் உடலின் எடை முழுவதையும் ஓர் ஓரத்தில் வைக்கிறோம். கால்கள் அகன்று விரிய, வழுவழுப்பான மொசைக் தரை அதற்குத் துணைசெய்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகனோடு வந்து தங்கியிருந்த அறுபத்தெட்டு வயது அம்மையார் கொலுப் பெட்டியை இறக்குவதற்காக இத்தகைய நாற்காலியில் ஏறினார். மகன் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருப்பானேன் என்பது அவர் எண்ணம். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவமும் பல மாதப் படுக்கையும் கழிந்து நடந்தபோது, அவர் கைத்தடியோடு நடந்தார், முன்போல் நடக்கவேயில்லை. அவ்வீட்டில் ஏணி இல்லாமலில்லை. நல்ல மடக்கேணி ஒன்று இருந்தது. அது பரணின்மேல் இருந்தது.

ஏணி வாங்குவதற்குமுன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டினுள் நான்கு அளவுகள் எடுக்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். பரணின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். பரணுக்குக் கீழே ஏணியின் கால்கள் ஊன்றுவதற்கு எவ்வளவு இடம். பரணின் ஆழம் எவ்வளவு. ஏணியைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைக்கத்தக்க மூலை எது, அதன் உயரமும் அகலமும் எவ்வளவு. கடைசி அளவைப் பலர் எடுப்பதில்லை. அதனால்தான் ஏணி பரணுக்கே போய்ச் சேர்கிறது.

உயரக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பரணின் தளம் தரையிலிருந்து 7 அடி, அஃதாவது 84 அங்குலம் என்று கொள்வோம். அடுக்குமாடி வீடுகளில் கதவு நிலையின் மட்டத்தை ஒட்டி அமைந்த பரண்கள் பெரும்பாலும் இவ்வளவிலேயே இருக்கின்றன. ஏறுபவர் 5 அடி 2 அங்குல உயரமுள்ள பெண்மணி. அவர் பரணின் தளத்தை மார்பு மட்டத்தில் காணும்படி நின்றால் பெட்டியை இழுக்கவும் தள்ளவும் எளிது; தலைக்கு மேலே கைநீட்டி இழுப்பதாயின் பெட்டி நகரும்போதே நிலை தடுமாறும். மார்பு மட்டம் என்பது அவர்க்கு ஏறக்குறைய 44 அங்குலம். 84-இல் 44 போக 40 அங்குலம். படிக்குப் படி 10 அங்குல இடைவெளியுள்ள ஏணியில் அது நான்காவது படி. அப்படியில் நிற்கும்போது முழங்காலுக்கு மேலே பற்றுவதற்கோ சாய்ந்துகொள்வதற்கோ ஒரு கைப்பிடி இருக்கவேண்டும். ஆகவே அவ்வீட்டுக்கு வேண்டுவது, நான்காவது படியில் நின்றபின்னும் மேலே கைப்பிடி எஞ்சியிருக்கும் ஏணி. கடைக்காரர் காட்டும் எட்டுப்படி ஏணி அன்று. உயரமான ஏணி எல்லாவற்றுக்கும் உதவும் என்று அவர் கூறுவார். எட்டுப்படி ஏணியை விரித்தால் அதன் அடி அகன்று நடைபாதையை அடைத்துக்கொள்ளும். அடைக்கிறதே என்று பாதி விரித்து நிறுத்துவோம். பாதி விரித்த ஏணி, ஏணியே அன்று.

குட்டையான ஏணியை வாங்கி அதன் உச்சித் தட்டில் நிற்பதும் இதற்கு இளைத்த தவறன்று. பிடி எதுவுமில்லாத மடக்கேணியின் உச்சித் தட்டு கருவிகள் வைப்பதற்குரியது, கால் வைப்பதற்குரியதன்று. உச்சியில் நிற்பவரின் முழங்காலுக்கு மேல் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஏணி ஓர் அங்குலம் அசைந்தாலும் அவர் காற்றையே பற்றவேண்டும்.

இனி, ஏணி எதனால் ஆனதாக இருக்கவேண்டும் என்பது. மூங்கிலேணி நம் நாட்டின் பழைய ஏணி. ஒற்றை மூங்கிலின் கணுக்களையே படியாகக் கொண்டு ஏறும் 'கண்ணேணி' என்பதும் உண்டு. வடகிழக்கு மலைநாடுகளில் ஒரே மரத்தில் வெட்டுகள் செதுக்கிப் படியாக அமைத்த ஏணிகளை வீட்டு வாயில்களில் காணலாம். மூங்கில் இலேசானது, விலை குறைந்தது, மின்சாரத்தை எளிதிற் கடத்தாதது. உலர்ந்திருக்கும்வரை என்று சேர்த்துச் சொல்லவேண்டும். குறை யாதெனில், அது நீளவாக்கில் பிளக்கும். பதப்படுத்தாத மூங்கிலை வண்டு உள்ளிருந்தே துளைக்கும். ஏணிக்குக் கீழே மாவுபோன்ற தூள் கொட்டிக்கிடந்தால் அவ்வேணியை விறகுக்கு அனுப்பிவிடலாம். இதற்கும் மேலாக ஒரு குறை உண்டு: மூங்கிலேணி தானாக நிற்பதில்லை, சாய்த்தே நிறுத்தவேண்டும், கொல்லையிலிருந்த மண் தரை அதன் காலைப் பற்றிக்கொண்டது, மொசைக் தரை பற்றாது.

மரத்தாலான மடக்கேணி நல்லதே. நல்ல மரமாக இருத்தல் வேண்டும். தேக்காயின் விலை அதிகம், எடையும் உண்டு. ஏணிக்கு வண்ணம் பூசலாகாது என்று ஒரு பழைய நெறி இருக்கிறது. வண்ணப்பூச்சு வெடிப்பை மறைத்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் மரம் தெரியும்படி எண்ணெயோ வார்னிஷோதான் பூசவேண்டும். சந்தையில் பளபளவென்று பச்சை வண்ணத்தோடு மரவேணி ஒன்று விற்பனைக்கு இருந்தால், அந்தப் பச்சை எதனை மறைக்கிறது என்று ஐயுறுவது தவறாகாது. இரும்பேணி உறுதியானது, ஆனால் கனமானது, குளியலறைப் பரணுக்குப் பயன்படுத்தினால் துருப்பிடிக்கும். கனம் என்பது ஏணிக்குக் குறையா என்று வினவலாம். குறையே. எடுத்துவரச் சலிப்பாக இருக்கும் ஏணியை எவரும் எடுத்துவருவதில்லை. பக்கத்திலிருக்கும் நாற்காலியே கைக்கு வரும்.

இக்காரணத்தால் வீட்டுக்கு அலுமினியமே பொருந்தும் என்பது நம் கருத்து. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கே அதற்கு. துருப்பிடிப்பதில்லை. ஆயினும் வாங்குவதற்குமுன் சிலவற்றை நோக்கவேண்டும். படிகள் நெடுங்கால்களோடு சேரும் இடத்தில் தறையாணிகள் இறுகியிருக்கின்றனவா. விரிந்த இரு பகுதிகளையும் பிணைக்கும் இடைப்பட்டைகள் இருபுறமும் நேராக நீண்டு பூட்டிக்கொள்கின்றனவா. கால்களின் அடியில் ரப்பர்க் காலணிகள் நான்கும் உள்ளனவா என்பன அவை. கடையிலேயே ஏணியை விரித்து முதற்படியில் ஏறி நின்று, இடமும் வலமுமாக எடையை மாற்றிப்பார்க்கத் தயங்கலாகாது. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

படியின் அகலத்தைப் பற்றித் தனியாகக் கூறவேண்டும். ஏணியின் படிக்குத் தமிழில் 'பழு' என்றொரு பழஞ்சொல் உண்டு, வழக்கில் அருகிப்போயிற்று. மேனாட்டு ஏணிகளில் இப்பழு உருண்டைக் குழாயாகவோ குறுகிய பட்டையாகவோ இருக்கும். அங்கே காலில் தடித்த அடியுள்ள காலணியோடு ஏறுவார்கள். நாம் வீட்டினுள் வெறுங்காலோடு இருப்பவர்கள். உருண்டைப் படியில் வெறும் பாதத்தோடு ஐந்து நிமிடம் நின்று பெட்டியைத் துழாவிப் பாருங்கள், பாதத்தின் நடுப்பகுதி நோகத் தொடங்கும், நோவு தாங்காமல் காலை மாற்றுவோம், விழுவது அந்நேரத்தில்தான். மூன்று அங்குலத்துக்குக் குறையாத தட்டையான படி, அதன்மேல் வழுக்காமலிருப்பதற்கு வரிகள், இவை நம் காலுக்கு ஏற்றவை. புடவை உடுத்தவர் கொசுவத்தை உயர்த்திச் செருகிக்கொண்டும், வேட்டி உடுத்தவர் மடித்துக் கட்டிக்கொண்டும் ஏறவேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள்.

மேற்கூரையில் ஒரு கதவு, அதனைக் கீழே இழுத்தால் அதிலிருந்து மூன்று மடிப்பாக இறங்கிவரும் ஏணி என்று ஒருவகை இருக்கிறது. அமெரிக்க வீடுகளைக் காட்டும் திரைப்படங்களில் அதனைக் கண்டவர்கள், நம் வீட்டிலும் அமைத்தால் என்ன என்று ஆசைப்படுகிறார்கள். அவ்வீடுகளின் மேற்கூரை மரச்சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கிடையே திறப்பு அமைப்பது அங்கே எளிது. சாய்ந்த கூரைக்குக் கீழே வீட்டின் பரப்பு முழுவதும் மேல்நிலை இருக்கிறது. நம் நகரத்துப் பரணோ சுவரை ஒட்டிய ஒரு தட்டு. அதன் வாயில் பக்கவாட்டில் இருக்கிறது, அடியில் இல்லை. அத்தளத்தில் துளையிட்டால் கம்பிகளை அறுக்கவேண்டிவரும். அரசுக் குடியிருப்பாயின் அதற்கு இசைவும் கிடைக்காது. ஓட்டுக்கூரையும் மரத்தட்டும் உள்ள மலைநாட்டு வீடுகளிலும், கேரளத்திலும் குடகிலும் உள்ள பழைய வீடுகளிலும் அது பொருந்தக்கூடும். அங்கும் திறப்பின் விளிம்பைச் சுற்றி மேலே ஒரு கைப்பிடிக் கம்பி அமைத்த பின்னரே அமைக்கவேண்டும்.

ஆழமான பரணுக்கு வேறொரு வழி உண்டு. நான்கடி ஆழமுள்ள பரணில் பின்வரிசைப் பொருளை எடுப்பதற்கு உள்ளே தவழ்ந்தே போகவேண்டும். மடக்கேணியிலிருந்து பரணுக்குள் தாவுவதும், அங்கிருந்து பின்னோக்கிக் காலைத் தொங்கவிட்டு ஏணியைத் தேடுவதும் இடர்மிக்கவை. இத்தகைய வீட்டில் பரணின் விளிம்பை ஒட்டி ஓர் இரும்புக் குழாயைச் சுவரோடு சுவர் பொருத்தி, அதில் மாட்டிக்கொள்ளும்படி இரு கொக்கிகள் உடைய நேரேணியைச் செய்வித்துக்கொள்ளலாம். நூல்நிலையங்களில் உயர்ந்த அலமாரிகளுக்கு இவ்வகை ஏணியைக் கண்டிருப்பீர்கள். கொக்கி மாட்டியிருப்பதால் ஏணியின் அடி வழுக்கினாலும் தலை பெயராது. சாய்வுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி அடியை ஊன்றவேண்டும். 7 அடிப் பரணுக்கு அது 1 அடி 9 அங்குலம். இதனினும் நெருங்கினால் ஏணி பின்னே சாயும். மிகவும் தள்ளினால் அடி வழுக்கும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஏணிகளுக்கென 1966-ஆம் ஆண்டிலேயே ஒரு பாதுகாப்பு நெறியை வெளியிட்டது. அது கட்டட வேலையாட்களை நோக்கி எழுதப்பெற்றது. ஆயினும் நான்காம் மாடியில் நிற்கும் கொத்தனைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு, அடுக்களையில் நிற்பவரிடம் வேறுவகையாக நடந்துகொள்வதில்லை.

ஏணியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எவ்வளவு எடையைத் தாங்கும் என்று அதில் எழுதியிருப்பார்கள். 100 கிலோ என்றும் இருக்கும், 150 கிலோ என்றும் இருக்கும். நாம் 65 கிலோதானே என்று குறைந்ததைக் கேட்கலாகாது. ஏறுபவர் 65, அவர் கையில் தாங்கும் டிரங்குப் பெட்டி 20. படியில் காலைத் தொம்மென்று வைக்கும்போது கூடும் அதிர்ச்சி வேறு. ஐரோப்பிய நாடுகளின் தரநெறி 150 கிலோவைக் கொண்டே ஏணிகளை அளவிடுகிறது. அதனையே நாமும் கேட்டுவாங்குதல் நன்று.

அத்தாளைப் பற்றி நமக்கு ஒரு குறையுண்டு. தொழிலால் வந்த குறை என்று கொள்க. 'இப்படிக்கு மேல் நிற்காதீர்' என்ற எச்சரிக்கை அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. சிலவற்றில் இந்தியிலும் இருக்கிறது. வாங்குபவர் அதனைப் படிக்கக்கூடியவர். ஆனால் ஏறுபவர் யார்? ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார் ஏறுகிறார். வீட்டுவேலைக்கு வரும் பெண் ஏறுகிறாள். அப்பெண் வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவளாக இருப்பாள். படிக்கத் தெரியாதவளாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்வதற்குரிய நிலையிலும் அவள் இல்லை. 'மேலே ஏறிப் பெட்டியை எடு' என்று சொல்லிவிட்டு நாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்போம். விழுந்தால் அன்றைய கூலி மட்டுமன்றி அவள் குடும்பத்தின் பல மாத வருவாய் போகும். எந்தப் படிக்குமேல் நிற்கலாகாதோ அந்தப் படியின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வண்ணத்தில் ஒரு பட்டை தீட்டிவிடுங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. வீட்டில் ஏறுகிற ஒவ்வொருவர்க்கும் ஒருமுறை அதனைக் காட்டிச் சொல்லிவிட்டால் போதும். அவர்களை ஏறச்சொல்லாமல், உடல்வலியுள்ள நாமே ஏறுவது அதனினும் சிறப்பு.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம். ரஜாய் பெருஞ்சுமையன்று, நான்கைந்து கிலோ இருக்கலாம். ஆனால் அதனை மார்போடு அணைத்துக்கொண்டால் கீழே இருக்கும் படி கண்ணுக்குத் தெரியாது. இரு கைகளும் அதிலேயே இருக்கும். கண்ணும் கையும் இல்லாமல் பின்னோக்கி இறங்குகிற மனிதரை எந்த ஏணியும் காப்பாற்றாது. ஆகவே பரண் வேலைக்கு எப்போதும் இருவர் வேண்டும். ஒருவர் மேலே, மற்றவர் கீழே. மேலிருப்பவர் கொடுக்க, கீழிருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கொலுப் பொம்மைகளை ஒரே பெரிய டிரங்கில் அடுக்குவதை விடுத்து, ஒரு கையால் தாங்கக்கூடிய சிறிய பெட்டிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பொம்மைக்கும் நல்லது, மனிதர்க்கும் நல்லது. ஏணியின்மேல் நிற்கும்போது உடலைப் பக்கவாட்டில் நீட்டி எட்டாத பொருளை எட்ட முயலலாகாது. தொப்புள் இரு நெடுங்கால்களுக்கும் நடுவிலேயே இருக்கவேண்டும் என்பது தச்சர்களுக்கும் வண்ணம் பூசுவோர்க்கும் தெரிந்த கணக்கு. எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்துக.

அடுக்களை மேடைக்கு நேர்மேலே அமைந்த பரணுக்கு ஏணியே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மேடை இரண்டடி அகலம். ஏணியை அதற்கு முன்னேதான் நிறுத்தமுடியும். அங்கிருந்து பரணுக்கு முன்னோக்கிச் சாயவேண்டும். கீழே அடுப்பு. இத்தகைய பரணில் ஆண்டுக்கு ஒருமுறையும் தேவைப்படாத, எடையற்ற பொருள்களை மட்டும் வைப்பதே தக்கது. மாதந்தோறும் எடுக்கும் பொருள் எந்தப் பரணிலும் இருக்கவேண்டுவதில்லை.

மின்சாரத்தை மறந்துவிடலாகாது. பரணில் ஏறும்போது தலை மின்விசிறியின் இறக்கைக்கு அருகே போகிறது. விசிறியை நிறுத்திவிட்டு ஏறவேண்டும். குளியலறைப் பரணில் வெந்நீர்க் கொதிகலத்தின் கம்பிகள் ஓடியிருக்கும். அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். தரையும் அங்கே ஈரமாக இருக்கும். கொதிகலத்தின் இணைப்பைத் துண்டித்து, தரையைத் துடைத்து உலரவிட்டபின் ஏணியை விரிக்கவேண்டும்.

எங்கே நிறுத்திவைப்பது என்னும் வினாவுக்கு வருகிறோம். மடக்கிய ஐந்துபடி ஏணி ஒரு கையகல ஆழத்துக்குள் அடங்கிவிடும். படுக்கையறைக் கதவின் பின்புறம், அலமாரிக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்து, இவற்றில் ஒன்று எந்தச் சிறிய வீட்டிலும் கிடைக்கும். சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்து, தரையிலிருந்து ஓரங்குலம் உயர்த்தி மாட்டிவைத்தால் தரை கழுவும்போது ரப்பர்க் காலணிகள் நனையா. அரசுப் பணியில் இருப்போர் ஊர் மாறும்போது, மற்றப் பொருள்களை எல்லாம் ஏற்றியபின் ஏணியைக் கடைசியாக லாரியில் ஏற்றவேண்டும். புதிய வீட்டில் முதலில் இறங்கவேண்டியது அதுவே. ரப்பர் காலப்போக்கில் இறுகிக் கல்லாகிவிடும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். கடைகளில் அது தனியாகவே கிடைக்கிறது. வரும் ஐப்பசியில் ரஜாய்களை இறக்குவதற்கு முந்தின நாள், ஏணியை வெளிச்சத்தில் விரித்து, தறையாணிகளை ஒவ்வொன்றாக அசைத்துப்பார்த்து, நான்கு காலணிகளையும் மாற்றிவிடுங்கள்.